இடாப்பில் மட்டும் இருக்கும் பாத்திமா

இலங்கையின் கிழக்கில், எங்கள் பக்கத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றின் வரவு இடாப்பைத் திறந்தால் ஒரு பெயர் மேலிருந்து கீழ்வரை வந்துகொண்டே இருக்கும். பாத்திமா றிஸ்னா, பாத்திமா சிப்னா, பாத்திமா ஹஸ்னா, பாத்திமா மின்ஹா. இடையில் ஓர் ஆயிஷாவோ ஸைனபோ வருவார், பிறகு மறுபடியும் பாத்திமா. ஆனால் வாசிக்கும்போது எந்த டீச்சரும் அந்தப் பெயரை வாசிப்பதில்லை. நானும் வாசிப்பதில்லை. றிஸ்னா, சிப்னா என்றுதான் கூப்பிடுகிறோம். சாய்ந்தமருது, கல்முனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, அந்தப் பக்கம் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, எங்கே போனாலும் இதேதான். ஆண்பிள்ளைக்கு முஹம்மது, பெண்பிள்ளைக்கு பாத்திமா என்று முன்னால் போட்டுவிட்டு, அப்புறம்தான் பிள்ளைக்குப் பெயர் தேடத் தொடங்குகிறோம்.

பெயர் வளர வளர பாத்திமா இன்னும் சுருங்கும். முதலில் வாப்பாவின் பெயருக்கு ஒன்றிரண்டு எழுத்து, பிறகு பாத்திமாவுக்கு ஓர் எழுத்து, கடைசியில் கூப்பிடும் பெயர். எம்.ஆர்.எப். றிஸ்னா. பரீட்சை அனுமதி அட்டை, அடையாள அட்டை, கலியாணக் காட் எல்லாவற்றிலும் இப்படித்தான். அந்த எப் எதற்கு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "பாத்திமா டீச்சர்" என்று சொல்லிவிடும். அது யாருடைய பெயர், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் நபியவர்களின் மகள் என்பதோடு நின்றுவிடும். உலகத்தில் இத்தனை கோடிப் பெண்கள் சுமக்கும் ஒரு பெயரை, அதைச் சுமக்கும் பிள்ளைக்கே நாங்கள் சரியாக அறிமுகப்படுத்தவில்லை. இது எனக்கு நெடுநாள் கவலை. இப்போது தம்பிக்கு மகள் பிறந்திருக்கிறாள். வீட்டில் பெயர்ப்பேச்சு தொடங்கிவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அர்த்தத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். பெயர்ப் பட்டியல் தளங்களில் தேடினால் தூய்மையானவள், கற்புள்ளவள் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அவை அந்தப் பெயரைத் தாங்கிய ஒருவரின் குணங்கள். சொல்லின் வேர் வேறு. பிள்ளைக்குத் தாய்ப்பாலை மறக்கடிப்பதற்கு அரபியில் பிதாம் என்பார்கள். அந்த வேரிலிருந்து வந்ததுதான் பாத்திமா. பால்குடி மறக்கடித்தவள். குட்டிக்குப் பால் மறக்கடித்த பெண் ஒட்டகத்துக்கும் அரபிகள் இதே வேர்ச்சொல்லை வைத்திருந்தார்கள். நரகத்திலிருந்து விலக்கப்பட்டவர் என்பதால்தான் அவருக்கு இந்தப் பெயர் வந்தது என்று பயான் எனும் மார்க்கச் சொற்பொழிவுகளில் சொல்வதும் உண்டு. அந்த அறிவிப்பை ஹதீஸ் (நபிமொழி) அறிஞர்கள் பலர் ஏற்பதில்லை. எனக்கு அந்த விளக்கம் தேவைப்படவும் இல்லை, வேர்ச்சொல்லே போதும்.

யோசித்துப் பாருங்கள். அன்று பிறந்த ஒரு பெண்குழந்தையின் கையில் வைத்த பெயர், பால் மறக்கடித்த தாய் என்று. பாலைவனத்தில் பிறக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பால்குடி வயதைத் தாண்டாத காலம் அது. இந்த மகள் வளர வேண்டும், பிள்ளை பெற வேண்டும், அந்தப் பிள்ளையும் பால் மறக்கும் வயதுவரை உயிரோடு இருக்க வேண்டும், இவ்வளவும் அந்த ஒரு பெயரில் இருந்ததாகத்தான் நான் எண்ணுகிறேன். எங்கள் உம்மம்மாமார் வேப்பிலையை அரைத்துப் பூசி, பிள்ளை அழுதால் தானும் சேர்ந்து அழுது பால் மறக்கடித்த கதைகளைக் கேட்டவர்களுக்கு இது புரியும். குர்ஆன் இந்த விஷயத்தை எவ்வளவு கவனமாகப் பேசுகிறது! முழுமையாகப் பாலூட்ட விரும்பினால் இரண்டு வருடம். அதற்கு முன் நிறுத்துவதென்றால் தாயும் தகப்பனும் கலந்து பேசி, இருவரும் சம்மதித்து நிறுத்த வேண்டும் என்று சூறத்துல் பகராவின் 233ஆம் வசனம் சொல்கிறது.

இந்தப் பெயர் இஸ்லாத்துக்கு முந்தியது. நபியவர்களின் (ஸல்) வாப்பாவைப் பெற்ற தாய், அம்ருடைய மகள் பாத்திமா. நபியவர்களின் மனைவி கதீஜா நாயகியின் உம்மாவும் ஒரு பாத்திமா. நபியவர்களின் மருமகன், மகள் பாத்திமாவின் கணவர் அலி (ரழி) அவர்களின் உம்மா, அஸதுடைய மகள் பாத்திமா. உமர் (ரழி) கோபத்தோடு வாளெடுத்துப் புறப்பட்டு, வழியில் தங்கை வீட்டுக்குள் நுழைந்து, அங்கே ஓதப்பட்ட தாஹா சூறாவைக் கேட்டு மனம் மாறியதாக நபியவர்களின் வரலாறான ஸீறாவில் படிக்கிறோமே, அந்தத் தங்கையின் பெயரும் பாத்திமாதான். மக்காவிலும் அந்தக் காலத்தில் எங்கள் இடாப்பைப் போலத்தான் இருந்திருக்கிறது. இமாம் முஸ்லிம் தொகுத்த கிரந்தத்தில் ஒரு ஹதீஸ் உண்டு. நபியவர்களுக்கு ஒரு பட்டுத்துணி அன்பளிப்பாக வந்தது. அதை அலியிடம் கொடுத்து, முக்காடுகளாக வெட்டி பாத்திமாக்களுக்குப் பங்கிட்டுக் கொடுங்கள் என்றார்கள். பாத்திமாக்கள் என்று பன்மையில். மகள் பாத்திமா, அலியின் உம்மா பாத்திமா, ஹம்ஸாவின் மகள் பாத்திமா என்று விளக்கவுரைகளில் எழுதியிருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்குள் இத்தனை பேர் இருந்தும் அவர்கள் ஒவ்வொருவரும் பாத்திமா என்றே அழைக்கப்பட்டார்கள். இன்னாருடைய மகள் என்று பின்னால் சேர்த்தார்களே தவிர, முன்னால் இருந்த பெயரை யாரும் விழுங்கவில்லை.

ஸஹ்ரா, பத்தூல் என்ற பட்டங்கள் பாத்திமா நாயகிக்கு உண்டு. பட்டங்களைவிட எனக்கு அவருடைய கைகள்தான் ஞாபகத்துக்கு வரும். திருகை சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன கைகள். வாப்பாவிடம் கைதிகள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேலைக்கு ஓர் ஆள் கேட்கலாம் என்று போகிறார். வாப்பா வீட்டில் இல்லை. நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார். இரவு அவரும் அலியும் படுத்தபிறகு நபியவர்கள் வருகிறார்கள். இருவரும் எழப்போனதும், இருங்கள் என்று தடுத்து இடையில் அமர்கிறார்கள். அவர்களுடைய பாதத்தின் குளிர்ச்சி என் நெஞ்சில் பட்டது என்று அலி பின்னாளில் சொல்லியிருக்கிறார். பணியாளைவிடச் சிறந்த ஒன்றைச் சொல்லித் தரட்டுமா என்று கேட்டு, படுக்கப் போகும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 தடவை ஓதச் சொன்னார்கள். எங்கள் வீடுகளில் தஸ்பீஹ் பாத்திமா என்று சொல்வது இதைத்தான். வயலில் நாற்று நட்டு, வீட்டுக்கு வந்து நெல் குற்றி, மா இடித்து, அப்புறம் தஸ்பீஹ் மணியோடு பாயில் சாய்ந்த எங்கள் ஊர் மூத்த பெண்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று. பாத்திமா வீட்டுக்குள் வந்தால் நபியவர்கள் எழுந்து நிற்பார்கள், கையைப் பிடித்து முத்தமிட்டு, தான் இருந்த இடத்தில் மகளை இருத்துவார்கள் என்று ஆயிஷா நாயகி சொன்னதாக அபூதாவூத், திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. மகள் வந்தால் எழுந்து நின்ற வாப்பா! எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டில் இதைப் பார்த்திருக்கிறோம்? ஸுன்னத்து ஸுன்னத்து என்று நபிவழியைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், இந்த ஸுன்னத்தைப் பற்றி ஒரு ஜும்ஆவிலாவது விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

கிழக்கில் இருக்கும் எங்களுக்கு இந்தப் பெயர் தனியாக ஒரு வகையில் நெருக்கமானது. நபியவர்களின் ஆண்பிள்ளைகள் காசிம், அப்துல்லாஹ், இப்ராஹீம் மூவரும் சிறு வயதிலேயே மௌத்தாகிவிட்டார்கள். ஆண்வாரிசு இல்லாதவர் என்று மக்கத்து எதிரிகள் ஏளனம் செய்தார்கள். மூன்றே வசனங்களில் இறங்கிய சூறத்துல் கவ்ஸர் அந்த வாயை அடைத்தது. இன்று உலகம் முழுவதும் நபியவர்களின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஸெய்யிதுமார் எல்லோரும் பாத்திமா, அவர் பெற்ற ஹஸன், ஹுஸைன் வழியாகத்தான் அந்த உறவைச் சொல்கிறார்கள். மகள் வழியாக வந்த வம்சம்.

மட்டக்களப்பு, அம்பாறை முஸ்லிம்களுக்கு இது புதுமையான விஷயம் இல்லை. குடி என்று நாங்கள் சொல்லும் எங்கள் குலம் தாய்வழியாகத்தான் வரும். வாப்பாவின் குடி ஒன்று, பிள்ளையின் குடி வேறு. ஒரே குடிக்குள் கலியாணம் பேசுவதில்லை. சில குடிகளின் பெயரே நாச்சி என்று ஒரு பெண்ணில்தான் முடியும். பள்ளிவாசல் நிர்வாகத்துக்குக் குடிக்கு ஒரு மரைக்கார் என்று பொறுப்பாளரைத் தெரிவுசெய்த ஊர்கள் இருந்தன. வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை வந்து பெண்வீட்டில் இருப்பார். சீதன வீடு கட்ட முடியாமல் முறிந்துபோன வாப்பாமாரையும், கட்டார் வெயிலில் உழைத்துத் தங்கச்சிக்கு வீடு கட்டிய காக்காமாரையும் எனக்குத் தெரியும். அந்தச் சுமையை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் "நீ யாருடைய மகள்" என்று ஒரு பிள்ளையிடம் கேட்டால் உம்மாவின் பெயரைத்தான் முதலில் எதிர்பார்க்கும் ஊர் இது. இப்படியான ஊரில், ஒரு வம்சத்தையே தன் வழியாகக் கொண்டுவந்த பெண்ணின் பெயரை நாங்கள் எப் என்று ஓர் எழுத்தாக்கி, வாப்பாவின் எழுத்துகளுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறோம்.

முந்திய தலைமுறை அப்படிச் செய்யவில்லை. எங்கள் உம்மம்மாவின் காலத்தில் பெண்களுக்குப் பெரும்பாலும் ஒரே பெயர்தான். ஆமினா உம்மா, கதீஜா உம்மா, மீரா உம்மா, செயினம்பு. பாத்திமாவுக்கு பாத்தும்மா, பாத்துமுத்து என்று இரண்டு உருவம். அரபுப் பெயரைத் தமிழ் நாவுக்கு இசைவாக வளைத்து, பக்கத்தில் முத்தையும் உம்மாவையும் வைத்து, வாய் நிறையக் கூப்பிட்டார்கள். இப்போது அது பட்டிக்காட்டுப் பெயராகிவிட்டது. வேறு ஊர்களிலும் இப்படித்தான் வளைந்திருக்கிறது. துருக்கியில் ஃபத்மா, ஈரானில் ஃபாத்திமே, மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபத்துமாத்தா, சோமாலியாவில் ஃபாதுமோ. துருக்கியிலும் ஈரானிலும் பெண்களிடையே அதிகம் உள்ள பெயர்களின் வரிசையில் இது முன்னால் நிற்கிறது. மொரோக்கோவின் பெஸ் நகரத்தில் 859இல் கரவிய்யீன் பள்ளிவாசலைக் கட்டியவர் பாத்திமா அல் பிஹ்ரி என்று மரபு வரலாறு சொல்கிறது. வடஆப்பிரிக்காவிலும் எகிப்திலும் 909 முதல் 1171 வரை ஆண்ட அரச வம்சத்துக்கே பாத்திமிய்யா என்று பெயர். இந்திய உச்ச நீதிமன்றத்தில் முதன்முதல் நீதிபதியான பெண், 1989இல், கேரளத்து பாத்திமா பீவி.

பெயர் பரவுவதில் ஒரு கெடுதலும் உண்டு. பிரெஞ்சுக்காரர் அல்ஜீரியாவை ஆண்ட காலத்தில், வீட்டு வேலைக்கு வரும் முஸ்லிம் பெண்கள் எல்லோரையும் ஃபத்மா என்றே கூப்பிட்டார்கள். அவளுடைய பெயர் ஸைனபாக இருந்தாலும் ஃபத்மாதான். வேலைக்காரி என்பதற்கே அது சொல்லாகிவிட்டது. அதை வாசித்தபோது என் சாச்சி ஒருவரின் ஞாபகம் வந்தது. அவர் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போய்ப் பல வருடம் இருந்தவர். ஊரில் அவரை யாரும் பாத்திமா என்று கூப்பிட்டதில்லை. பாஸ்போட்டில் அந்தப் பெயர் இருந்ததால் அங்கே அந்த வீட்டார் பாத்திமா என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். "அங்க போனதுக்குப் பொறவுதான் எனக்கு அப்பிடி ஒரு பேர் இரிக்கிண்டு தெரிஞ்சிச்சு மகள்" என்று சொன்னார். நல்ல வீடு அது, மரியாதையாகத்தான் நடத்தினார்கள் என்பார். அந்த வீட்டுக் கிழவி அவரைக் கூப்பிட்டு, உன் பெயரில் இருப்பவர் யார் தெரியுமா என்று கேட்டு, திருகைக் கதையைச் சொல்லிக்கொடுத்தாராம். சாச்சி இன்றும் அந்தக் கதையை அந்தக் கிழவியின் பேச்சு அரபியோடு கலந்துதான் சொல்வார்.

கல்முனையில் இந்தப் பெயர் இன்னொரு வாசல் வழியாகவும் வந்திருக்கிறது. கார்மேல் பற்றிமா கல்லூரியைத் தெரியாதவர் இங்கே இல்லை. அந்தப் பற்றிமா, போர்த்துக்கல் நாட்டின் பாத்திமா என்ற ஊர், அன்று ஒரு கிராமம். 1917இல் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்ததாகக் கத்தோலிக்கர் நம்பும் இடம். அந்தக் கிராமத்துக்கு எப்படி இந்தப் பெயர் வந்தது? போர்த்துக்கல் மண்ணில் அரபிகள் நூற்றாண்டுக் கணக்கில் ஆண்டார்கள். அவர்கள் போனபிறகும் பெயர் நின்றுவிட்டது. பாத்திமா என்ற முஸ்லிம் இளவரசியைப் பற்றிய ஒரு கதையும் அங்கே உலவுகிறது. இங்கே எங்கள் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். மேற்குக் கரையில் போர்த்துக்கீசர் துரத்திய முஸ்லிம்களை, கண்டி மன்னன் செனரத் 1626 அளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாகப் படிக்கிறோம். இரண்டு வருடம் கழித்து, 1628இல், அதே போர்த்துக்கீசர் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். துரத்தப்பட்டவர்களின் வீடுகளில் பாத்துமுத்துகள் இருந்திருப்பார்கள், துரத்தியவர்களின் நாட்டில் பாத்திமா என்று ஒரு கிராமம் இருந்தது. இன்று மஹ்மூத் மகளிர் கல்லூரிக்குப் போகும் பாத்திமாவும், பற்றிமாவுக்குப் போகும் தமிழ்ப்பிள்ளையும் காலையில் கல்முனையில் ஒரே பஸ்ஸில் இறங்குகிறார்கள். ஒரு பிள்ளையின் சான்றிதழில் உள்ள பெயரும் மற்றப் பிள்ளையின் சீருடை பட்ஜில் உள்ள பெயரும் ஒன்றுதான் என்பதை இரண்டு பேருக்கும் யாராவது சொல்ல வேண்டும். நான் என் வகுப்பில் சொல்லிவருகிறேன்.

சரி, தம்பியின் மகள். பிறந்த ஏழாம் நாள் அகீகா கொடுத்து முடி இறக்கியாயிற்று. பெயர்தான் இழுபட்டது. தம்பி எங்கள் ஊர் வழக்கப்படி பெண்வீட்டில் இருக்கிறான், ஆகவே முதல் சொல் அந்த வீட்டுக்குத்தான். தம்பியின் மனைவி போனில் ஒரு செயலியைத் திறந்து இனாயா, ஐரா, ஹயா என்று வாசித்துக்கொண்டிருந்தாள். அவளின் உம்மாவுக்கு மின்ஹா பிடித்திருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் பாத்திமா வரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. முன்னால் வருவதை மட்டுமே பெயராக வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். வேறொன்றும் சேர்க்காமல் பாத்திமா மட்டும்.

"வெறும் பாத்திமா எண்டு வெச்சா பேரில்லாத புள்ள மாதிரி இரிக்கும் மதினி" என்றாள்.

அவள் சொன்னது சரியான பேச்சு. எங்கள் ஊரில் அந்தப் பெயருக்கு இன்று அந்த நிலைமைதான். அவளின் உம்மா இன்னும் ஒரு நியாயம் சொன்னார். கிளினிக்கில் பாத்திமா என்று கூப்பிட்டால் பத்துப் பேர் எழும்புவார்கள், மருந்து மாறிப்போனால் யார் பொறுப்பு? அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கூப்பிடுவது வாப்பாவின் பெயரையும் சேர்த்துத்தான், இலக்கமும் இருக்கிறது. அதோடு எல்லோரும் அந்தப் பெயரை ஒளித்துவைப்பதால் நாளை இவளுடைய வகுப்பில் கூப்பிடும் பெயராகப் பாத்திமாவைக் கொண்டவள் ஒருத்திதான் இருப்பாள். இன்றைக்கு எங்கள் பக்கத்தில் மிகவும் அரிய பெயர் பாத்திமா. செயலியில் தேடும் எந்தப் புதுப் பெயரையும் அடுத்த வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வைப்பார்கள். என் வாதம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் மேலே எழுதியவை. திருகை, பட்டுத்துணி, எழுந்து நின்ற வாப்பா. அவற்றை நான் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பி ஒன்றும் பேசவில்லை. முடிவெடுத்தது அவனுடைய மனைவிதான். இரண்டு நாள் கழித்து அவளே போன் எடுத்து, பாத்திமா மட்டும் போதும் என்றாள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளின் உம்மா மின்ஹாவை விடவில்லை, அவர் வாயில் அதுதான் வருகிறது. பிள்ளையைத் தூக்கி வளர்ப்பவர் அவர், எப்படியும் கூப்பிடட்டும். சான்றிதழில் இருப்பதைப் பாடசாலையில் வாசித்தே ஆகவேண்டும்.

பிறப்பைப் பதிய 42 நாள் தவணை இருக்கிறது. அதற்கு முன் எழுத்துகளை முடிவுசெய்ய வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஓ.எல். சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போட்டில் வேறு மாதிரி என்று அலைக்கழிந்த பெண்களை எனக்கு நிறையத் தெரியும். தமிழில் பிரச்சினை இல்லை, பாத்திமா. ஆங்கிலத்தில்தான் பேச்சு நடக்கிறது. அரபி எழுத்துக்கு டீ மட்டும் போதும், உலகத்தில் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நாங்கள் தமிழ்த் தகரத்தை மனதில் வைத்து டீக்குப் பின்னால் எச் சேர்த்துப் பழகிவிட்டோம். தம்பி எச் வேண்டாம் என்கிறான், வெளிநாட்டில் போனால் இலகுவாம். நான் எச் பக்கம். அந்த எழுத்தைப் பார்த்தாலே இலங்கையில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். உம்மம்மாவின் அடையாள அட்டையிலும் எச் உண்டு. வெள்ளிக்கிழமை தம்பி வருகிறான், ஒரு தாளில் மூன்று மொழியிலும் எழுதி அவன் கையில் கொடுத்துவிடப் போகிறேன்.